கணக்கில் வராத எடை

சிங்கப்பூரின் தேக்காவில் சிராங்கூன் சாலையை விட்டு விலகிக் கடைவீடுகளின் பின்சந்துகளுக்குள் நடந்தால், பின்சுவரை ஒட்டி நிற்கும் சுழல் படிக்கட்டுகள் அங்கங்கே தென்படும். நடுவில் ஒரே ஒரு தூண். அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஆப்பு வடிவப் படிகள். மழையிலும் வெயிலிலும் பல பத்தாண்டுகளாக நிற்பவை அவை.

பின்சந்துகளே இந்நகரத்துக்குப் பின்னாளில்தான் வந்தன. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குள் காற்றும் வெளிச்சமும் புகாமல் நோய் பெருகியது. 1907இல் பேராசிரியர் சிம்ப்சன் அளித்த சுகாதார அறிக்கை, வீட்டு வரிசைகளுக்கு இடையே சந்துகளைத் திறக்கச் சொன்னது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அந்த வேலையை எடுத்துச் செய்தது. சந்து திறந்த பிறகு, தீப்பிடித்தால் தப்பிக்க ஒரு வழியாகப் பின்பக்கத்தில் வெளிப் படிக்கட்டுகள் எழுந்தன.

இப்படி ஒரு படிக்கட்டை நாம் இன்று கட்டினால் அதற்கு எவ்வளவு தாங்கல் வேண்டும்? எத்தனை தூண், எவ்வளவு தடிமன், எங்கெல்லாம் போல்ட்? பெரும்பாலோர் கண்ணால் அளந்துதான் விடை சொல்கிறார்கள். "இது போதும், யானையே ஏறலாம்" என்று மேஸ்திரி சொன்னால் வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுகிறார். ஆனால் கண்ணுக்கு எடை தெரியாது. கட்டமைப்பு விபத்துகளின் வரலாற்றைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கணக்கில் எடுத்துக்கொண்ட சுமை அரிதாகவே கட்டடத்தை வீழ்த்துகிறது. யாரும் எண்ணாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் வீழ்த்துகிறது. அப்படி விடுபடக்கூடியவை முக்கியமாக நான்கு.

முதலாவது: சொந்த எடை

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில், ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், லியன் யாக் கட்டடம் என்றொரு ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. 1971இல் கட்டப்பட்டது. கீழே வங்கி, அதற்கு மேலே இரவு விடுதி, மேல் மாடிகளில் நியூ வோர்ல்டு ஹோட்டல். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல், அந்தக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் முழுவதுமாக உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அப்போது பெருவிரைவு ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டு வல்லுநர்கள், இடிபாடுகளுக்கு அடியில் வழி குடைந்து சிக்கியவர்களை மீட்க உதவினார்கள்.

முதலில் சந்தேகம் அந்த ரயில் சுரங்கத்தின் மேல்தான் விழுந்தது. விசாரணைக் குழு அதை நிராகரித்தது. கூரையில் ஏற்றிய குளிரூட்டும் இயந்திரங்கள், வங்கியின் பெட்டக அறை என்று பின்னாளில் கூடிய எடைகளும் ஆராயப்பட்டன. அவை மூலகாரணம் அல்ல. உண்மை காகிதத்தில் இருந்தது. கட்டடத்தை வடிவமைத்தபோது உள்ளே வரப்போகும் மனிதர்கள், தளவாடங்கள் ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டிருந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

விருந்துக்கு வருகிறவர்களை எண்ணி உலை வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் பத்துப் பேரை மறந்ததைப் போன்ற பிழை இது. காங்கிரீட் கட்டடத்தில் அந்த "வீட்டார்" விருந்தினரைவிட அதிகம்.

ஒரு படிக்கட்டை வைத்தே பார்ப்போம். படியின் உயரம் 17.5 செ.மீ., கால் வைக்கும் அகலம் 25 செ.மீ., அடியில் சாய்வாகப் போகும் பலகம் 15 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கம்பி கட்டிய காங்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. படிக்கட்டின் தரையளவில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சாய்வுப் பலகம் ஏறத்தாழ 460 கிலோ, அதன் மேல் முக்கோணப் படிகள் 220 கிலோ, ஓடும் பூச்சும் சுமார் 100 கிலோ. ஆக 780 கிலோ. ஒருவரும் ஏறாதபோதே, இரவும் பகலும் அந்த எடை தூணை அழுத்திக்கொண்டிருக்கிறது.

ஏறி இறங்கும் மனிதர்களுக்காக இந்தியத் தரநிலை, சாதாரண வீட்டுப் படிக்கட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கூட்டம் நெருக்கும் இடங்களுக்குப் பல நாடுகளிலும் புழங்கும் எண் 500 கிலோ. அந்தப் பெரிய எண்ணும்கூட 780ஐவிடச் சிறியது. சொந்த எடையை மறந்தவர் பாதிக்கும் மேற்பட்ட சுமையை மறந்துவிட்டார் என்று பொருள்.

அப்படியானால் லியன் யாக் 15 ஆண்டுகள் எப்படி நின்றது? பொறியியல் கணக்கில் எப்போதும் ஓர் உபரி இருக்கும். சிங்கப்பூர் 2013 முதல் மாறிய ஐரோப்பியத் தரநிலையில், சொந்த எடையை 1.35ஆலும், வந்துபோகும் சுமையை 1.5ஆலும் பெருக்கிக்கொண்டுதான் வடிவமைக்கத் தொடங்குகிறார்கள். நம் படிக்கட்டுக்கு அந்தக் கணக்கு சதுர மீட்டருக்கு 1.8 டன் என்று வரும். பொருளின் வலிமையையும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட உபரிகள் பெரிய பிழையைக்கூடச் சில காலம் மறைத்து வைக்கும். ஆனால் காங்கிரீட்டுக்குக் காலமும் ஒரு சுமை. சில நிமிடச் சோதனையில் அது காட்டும் வலிமையில் சுமார் 80 சதவீத அளவுள்ள சுமையை இடைவிடாமல் ஆண்டுக்கணக்கில் ஏற்றி வைத்தால், உள்ளுக்குள் நுண்விரிசல்கள் வளர்ந்து ஒருநாள் நொறுங்கிவிடும். நேற்றுவரை நின்றது என்பது நாளை நிற்கும் என்பதற்குச் சான்று அல்ல.

இரண்டாவது: கூட்டம்

மரப் படிக்கட்டில் கணக்கு தலைகீழ். மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள மரப் படிக்கட்டின் சொந்த எடை 150 கிலோ அளவில் இருக்கலாம். அதே படிக்கட்டில் மக்கள் நெருக்கி நின்றால் ஒன்றரை டன். அதாவது பத்து மடங்கு. காங்கிரீட்டில் சொந்த எடையை மறப்பது ஆபத்து. மரத்திலும் மெல்லிய இரும்பிலும் கூட்டத்தை மறப்பது ஆபத்து.

சிகாகோ நகரின் பழைய அடுக்குமாடிகளின் பின்பக்கத்தில், மரத் தளங்களும் அவற்றை இணைக்கும் மரப் படிக்கட்டுகளும் உண்டு. தேக்காவின் சுழல் படிக்கட்டைப் போல அவையும் பின்வழி. 2003 ஜூன் 29 அன்று அங்கே லிங்கன் பார்க் பகுதியில் ஒரு விருந்தின்போது, மூன்றாம் தளத்து மரத் தளம் கூட்டத்தின் எடை தாங்காமல் கீழ்த் தளங்களின் மேல் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அனுமதி பெறாமல், போதாத தாங்கலோடு கட்டப்பட்ட தளம் அது. நாள்தோறும் இரண்டு பேர் நின்று காற்று வாங்கும் இடம் ஒரே ஓர் இரவில் மேடையாக மாறியது.

படிக்கட்டில் இன்னொன்றும் சேர்கிறது. படியில் வேகமாக இறங்குகிறவர் ஒவ்வோர் அடியிலும் தம் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசையைத் தரக்கூடும். தீ எச்சரிக்கை கேட்டு எல்லோரும் ஒன்றாக ஓடி இறங்கும் நேரமே வெளிப் படிக்கட்டுக்கு உண்மையான தேர்வு. சராசரிச் சுமை தாங்கினாலும் ஒற்றைப் படி உடையலாம் என்பதால், அமெரிக்க விதிகள் ஒவ்வொரு படியும் ஐந்து சென்டிமீட்டர் சதுரத்தில் 136 கிலோவைத் தனியாகத் தாங்க வேண்டும் என்கின்றன. தோளில் எரிவாயு உருளையைச் சுமந்து ஏறுகிறவரின் ஒற்றைக் குதிகாலை நினைத்தால் அந்த விதியின் நியாயம் புரியும்.

மலேசியாவின் பத்துமலையில் முருகன் குகைக்கு 1920இல் முதலில் அமைத்தவை மரப் படிகள். இன்று நாம் ஏறும் 272 படிகள் காங்கிரீட். தைப்பூசத்தன்று அங்கே காவடியும் பால்குடமுமாக ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்பது மிகையாகத் தோன்றாது.

தமிழ்நாட்டில் இந்த மறதிக்கு இன்னொரு வடிவம் உண்டு. மொட்டைமாடிக்குப் போகும் வெளிப் படிக்கட்டின் தலைப்பில் தண்ணீர்த் தொட்டியை வைத்துவிடுகிறோம். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அந்த ஒரு டன் இறங்கிப் போகும் விருந்தாளி அல்ல, அங்கேயே குடியிருப்பது.

எடை போகும் வழி

எவ்வளவு எடை என்று தெரிந்துவிட்டால், அடுத்து அது எந்த வழியாக மண்ணுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் இயற்பியல் நம்மை வியக்க வைக்கிறது.

நான்கு மீட்டர் நீளச் சட்டம் ஒன்று இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு தூண் கொடுத்து அதை இரண்டு இரண்டு மீட்டராகப் பிரித்தால் தொய்வு பாதியாகும் என்று மனம் சொல்லும். ஆனால் சுமை சீராகப் பரவியிருந்தால், ஒவ்வொரு பாதியும் தனிச் சட்டமாக நிற்கும்போது அதன் தொய்வு முன்பிருந்ததில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதை வளைக்கும் விசையின் தாக்கம் நான்கில் ஒரு பங்காகும். படிக்கட்டு கால் பட்டதும் அதிர்கிறது என்றால், எல்லாச் சட்டங்களையும் தடிமனாக மாற்றுவதைவிட, சரியான இடத்தில் ஒரு தூண் நிறுத்துவது பல நேரங்களில் மேலான மருந்து.

சட்டத்தின் உயரமும் இதேபோல வேலை செய்கிறது. மரப் படிக்கட்டில் இரு பக்கமும் சாய்வாகப் போகும் சட்டங்களைப் பல்பல்லாக வெட்டி, அந்தப் பற்களின் மேல் படிப்பலகைகளை வைப்பது வழக்கம். 28 செ.மீ. உயரச் சட்டத்தை அப்படி வெட்டினால் வெட்டுக்குக் கீழே முழுதாக மிஞ்சுவது 13 செ.மீ. அளவுதான். வலிமை உயரத்தின் இருமடிக்கும், விறைப்பு மும்மடிக்கும் ஏற்ப மாறும். எனவே பாதிக்குச் சற்று அதிகமாக வெட்டியதில் வலிமை ஐந்தில் ஒரு பங்காகவும், விறைப்பு பத்தில் ஒரு பங்காகவும் இறங்கிவிடுகிறது. அமெரிக்க மரப் பொறியியல் வழிகாட்டி, வெட்டிய சட்டத்துக்குத் தாங்கல்களின் இடைவெளி 1.8 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெட்டாமல் முழுதாக விட்டுப் பக்கவாட்டில் படிகளைப் பொருத்தினால் அதே சட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர்வரை போகலாம்.

சுழல் படிக்கட்டில் வியப்பு வேறு வகை. ஒவ்வொரு படியும் நடுத்தூணிலிருந்து வெளியே நீண்டு நிற்கிறது. வெளி ஓரத்தில் ஒருவர் நின்றால், அவர் எடை தூணைக் கீழே அழுத்துவதோடு தம் பக்கமாக வளைக்கவும் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்தில் அதே எடையுள்ள இன்னொருவர் நின்றால் அழுத்தம் இரட்டிப்பாகிறது. ஆனால் தூணின் கீழ்ப்பகுதியில் வளைக்கும் முயற்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே சுற்றிலும் சீராக நிற்கும் பலரைவிட, எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கும் கணமே அந்தத் தூணுக்குக் கடினமானது. அதனால்தான் தூணின் தலையையும் இடைத்தளங்களையும் கட்டடத்தோடு இறுக்கிப் பிணைக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது: இணைப்பு

தூணும் சட்டமும் வலுவாக இருந்து, அவை சேரும் இடம் பலவீனமாக இருந்தால் படிக்கட்டின் வலிமை அந்தச் சேரும் இடத்தின் வலிமைதான். சிங்கப்பூர் இதையும் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2004 ஏப்ரல் 20 அன்று, வட்ட ரயில் பாதைக்காக முப்பது மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டப்பட்ட பள்ளம் நிக்கல் நெடுஞ்சாலையோடு சேர்ந்து சரிந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். பள்ளத்தின் பக்கச் சுவர்கள் உள்ளே சாயாதபடி குறுக்கே எஃகு உத்திரங்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த உத்திரங்கள் பக்கவாட்டு விட்டங்களோடு சேரும் இணைப்பு, தேவையைவிடக் குறைந்த வலிமையோடு வடிவமைக்கப்பட்டிருந்தது. ஓர் இணைப்பு விட்டுக்கொடுத்ததும் அதன் சுமை அடுத்ததற்குத் தாவியது; அதுவும் தாங்கவில்லை.

வீட்டு அளவில் இதே பாடம் படிக்கட்டின் தலையில் இருக்கிறது. மேல்முனைச் சட்டத்தை நான்கு ஆணி அடித்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். ஆணி குறுக்கே வரும் விசையை ஓரளவு தாங்கும். தன் நீளத்தின் வழியே இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் அங்கே ஊடுருவிப் போகும் போல்ட்டோ, முறையான எஃகுத் தாங்கியோ வேண்டும். கீழ்முனைக்கும் கவனம் தேவை. மேல்முனை சுவரில் வெறுமனே சாய்ந்து நின்றால், கீழ்முனை வெளியே நழுவப் பார்க்கும். மண்ணின் மேல் வைத்த செங்கல் அதைத் தடுக்காது. ஒரு தூண் ஒரு டன்னை இறக்குகிறது, அந்த மண் சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கும் என்றால், அடியில் குறைந்தது 32 செ.மீ. சதுர அடித்தளம் வேண்டும். சிங்கப்பூரின் தாழ்ந்த பகுதிகளில் உள்ள மென்மையான கடற்களிமண்ணில் அதைவிடப் பெரிதாகவே வேண்டும்.

நான்காவது: மழை

2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஓர் அடுக்குமாடியின் பால்கனி முறிந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். எட்டே ஆண்டு வயதான கட்டடம் அது. பால்கனியைத் தாங்கிய மரச் சட்டங்களுக்குள் மழைநீர் புகுந்து அவை உளுத்துப் போயிருந்தன. வரைபடத்தில் இருந்த வலிமை மரத்தில் இல்லை. அதன் பிறகு 2018இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடங்களில், மரத்தால் தாங்கப்படும் உயரமான பால்கனிகள், வெளித்தளங்கள், வெளிப் படிக்கட்டுகள் ஆகியவற்றை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நீடித்தால் அதை உண்ணும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடுகிறது. இங்கே ஆண்டின் எந்த மாதமும் அதற்குக் குளிராக இருப்பதில்லை. நீர் முதலில் தங்குவது இணைப்பு இடுக்குகளில்தான். மூன்றாவது குற்றவாளிக்கு நான்காவது துணை போகிறது. காங்கிரீட்டுக்கும் விலக்கில்லை. ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிறக்கிறது. துருவின் கனவளவு இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். அது உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கூரைப் பூச்சு உப்பி உதிர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்தவர்கள் பலர். படிக்கட்டின் அடிப்பக்கத்தில் அதே கறை தெரிந்தால் பூச்சு வேலைக்காரரை அழைத்து மூடக் கூடாது. பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும்.

சட்டம் நிற்கும் இடம்

நியூ வோர்ல்டு ஹோட்டலின் இடிபாடுகளிலிருந்து சிங்கப்பூர் ஒரு நல்ல பழக்கத்தைக் கட்டி எழுப்பியது. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, ஒரு பொறியாளர் போட்ட கட்டமைப்புக் கணக்கை அங்கீகாரம் பெற்ற வேறொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். எழுந்து நிற்கும் கட்டடங்களையும் காலமுறைப்படி சோதிக்க வேண்டும். குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் ஒரு குடும்பம் வசிக்கும் தரைவீடுகள் இந்தச் சோதனைக்குள் வருவதில்லை. அங்கே தோட்டத்துக்கு இறங்கும் மரப் படிக்கட்டை ஆய்வாளர் வந்து பார்க்கமாட்டார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும்பாலான வீட்டுப் படிக்கட்டுகளின் நிலையும் அதுதான். அந்த இடத்தில் சட்டத்தின் வேலையை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

எனவே புதிதாகப் படிக்கட்டு கட்டுகிறவர்களுக்கும், பழைய படிக்கட்டோடு வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "தாங்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "தாங்கும்" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். இதன் சொந்த எடை எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கணக்குப் போட்டீர்கள், ஒவ்வொரு இணைப்பையும் எது பிடித்துக்கொண்டிருக்கிறது, மழைநீர் எங்கே தங்கும், இந்த நான்கையும் கேளுங்கள். பதிலை எண்களோடு எழுதி வாங்குங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தகுதி பெற்ற பொறியாளர் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம் படிக்கட்டுச் செலவில் சிறு பகுதி. அதைச் செலவாக எண்ணாமல் முதல் தூணாக எண்ணுங்கள்.